ஆங்கிலிக்கன் சபையில் வேதமும் பாரம்பரியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்து சபையிலிருந்து வந்த ஆங்கிலிக்கன் சபைகளின் உபதேசம் எதன்மேல் நிற்கிறது என்று கேட்பவர்களுக்காக எழுதிய பக்கம் இது. கத்தோலிக்க நண்பர் ஒரு பக்கம், பெந்தெகொஸ்தே உறவினர் இன்னொரு பக்கம் என்று இரண்டு பேருக்கும் பதில் சொல்லத் திணறுகிறவர்களுக்கு இது உதவும். தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்து, நம் ஆராதனை முறையும் பேராயரும் எங்கிருந்து வந்தார்கள் என்று யோசிப்பவர்களுக்கும்தான்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: வேதம் பெரியதா, பாரம்பரியம் பெரியதா?

வேதம். இதில் மழுப்ப ஒன்றும் இல்லை. இரட்சிப்புக்குத் தேவையான எல்லாம் பரிசுத்த வேதாகமத்தில் இருக்கிறது. அதில் வாசிக்க முடியாததையும், அதைக்கொண்டு நிரூபிக்க முடியாததையும் 'இதை நம்பித்தான் ஆகவேண்டும்' என்று சபை யாரிடமும் கேட்கக்கூடாது. பாரம்பரியத்துக்கு மரியாதை உண்டு, சபை நடுவே அதற்குக் குரலும் உண்டு. கடைசித் தீர்ப்பு மட்டும் அதன் கையில் இல்லை.

இது எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

முக்கியமான இடம், இங்கிலாந்து சபையின் உபதேச அறிக்கையான 39 கோட்பாடுகள். பேராயர் தாமஸ் கிரான்மர் 1553இல் 42 கோட்பாடுகளாக வெளியிட்டார். முதலாம் எலிசபெத் காலத்தில், 1563இல், குருமார் பேரவை அதைத் திருத்தியது. 1571இல் அது 39 என்று இறுதி வடிவம் பெற்றது. மேலே சொன்னது அதன் 6ஆம் கோட்பாடு.

அந்தக் கோட்பாட்டை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பார்க்கச் சொல்வேன். பலர் இதை விசுவாசிக்குப் போட்ட கட்டளையாகவே வாசிக்கிறார்கள். உண்மையில் அது முதலில் கட்டுவது சபையை. குருவானவரோ, பேராயரோ, ராஜாவோ, ஒரு சாதாரண மனிதனுடைய மனச்சாட்சியின்மேல் வேதத்தில் இல்லாத பாரத்தை ஏற்றக்கூடாது என்பதுதான் அதன் உள்ளடக்கம். பாவமன்னிப்புச் சீட்டு விற்றதையும், உத்தரிக்கிற ஸ்தலத்தைக் காட்டி ஜனங்களைப் பயமுறுத்தியதையும் கண்டு வெகுண்ட தலைமுறை எழுதிய வாசகம் அது. ஆங்கிலிக்கன் உபதேசத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

20ஆம் கோட்பாடு இதற்கு ஜோடி. சடங்குகளை ஏற்படுத்தவும், விசுவாசத்தைப் பற்றிய சர்ச்சைகளில் பேசவும் சபைக்கு அதிகாரம் உண்டு என்கிறது. ஆனால் எழுதப்பட்ட தேவ வார்த்தைக்கு விரோதமாக எதையும் அது ஏற்படுத்த முடியாது. ஒரு வசனத்துக்கு இன்னொரு வசனத்தோடு மோதும்படி பொருள் சொல்லவும் அதற்கு உரிமை இல்லை. சபை வேதத்துக்குச் சாட்சி, வேதத்தின் காவலாளி, எஜமான் இல்லை.

அப்படியென்றால் ஆங்கிலிக்கன்களும் 'வேதம் மட்டுமே' என்கிறவர்கள்தானே?

ஆமாம் என்றும் சொல்லலாம். ஆனால் அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இரண்டு கட்சிகள் மோதின, அதைத் தெரிந்துகொள்ளாமல் விஷயம் விளங்காது.

சபையை இன்னும் சீர்திருத்த வேண்டும் என்ற பியூரிட்டன்கள் கேட்டது இது: வேதம் கட்டளையிடாத எதுவும் ஆராதனையில் எதற்கு? ஞானஸ்நானத்தில் குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் போடுவது, திருமணத்தில் மோதிரம் அணிவிப்பது, குருவானவர் வெள்ளை அங்கி போடுவது, இதெல்லாம் வேதத்தில் எங்கே இருக்கிறது? 1603இல் முதலாம் ஜேம்ஸ் அரசரிடம் அவர்கள் கொடுத்த விண்ணப்பத்திலும் இவை இருந்தன.

இதற்கு ஆழமான பதில் சொன்னவர் ரிச்சர்ட் ஹூக்கர். 1585இல் லண்டனில் டெம்பிள் ஆலயத்தின் தலைமைக் குருவானார். அதே ஆலயத்தில் பிற்பகல் பிரசங்கம் செய்தவர் வால்டர் டிராவர்ஸ் என்ற பியூரிட்டன். காலையில் ஒருவர் கட்டியதை மாலையில் மற்றவர் அதே பிரசங்க மேடையில் நின்று மறுப்பார். அந்த வாதத்தின் பலனாக ஹூக்கர் எழுதத் தொடங்கியதுதான் திருச்சபை ஆட்சிமுறையின் சட்டங்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல். முதல் பகுதிகள் 1590களில் வெளிவந்தன. 1600இல் அவர் இறக்கும்போதும் முழுதும் அச்சாகவில்லை.

அவர் சொன்னதன் சாரம்: தேவன் ஒவ்வொன்றையும் ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்திருக்கிறார். வேதம் கொடுக்கப்பட்டது நம்மை மீட்புக்கு நடத்த. அந்த வேலைக்கு அது பூரணமானது, குறைவே இல்லை. ஆனால் அங்கியின் நிறத்தையும் ஆராதனையின் நேரத்தையும் அதிலே தேடுவது, அது சொல்ல வராததை அதன் வாயில் திணிப்பது. ஒரு மனிதரை நம்பமுடியாத அளவுக்குப் புகழ்ந்தால் அவருக்கு உண்மையிலேயே உரிய புகழும் கெடும். வேதத்தைப் பற்றியும் அப்படி அளவு மீறிப் பேசினால், அதில் நிறைவாக இருப்பதையும் ஜனங்கள் மதிக்காமல் போவார்கள் என்று எச்சரித்தார். வேதத்தை நேசிக்கிற ஒருவர்தான் இப்படிக் கவலைப்பட முடியும்.

ஆகவே ஆங்கிலிக்கன் நிலையைச் சரியாகச் சொன்னால்: மீட்புக்குரிய காரியத்தில் வேதம் மட்டுமே போதும். ஒழுங்கு, சடங்கு போன்றவற்றில் வேதத்தை மீறாதது எதுவும் அனுமதிக்கப்பட்டது. அது நல்லதா, பிரயோஜனமானதா என்று சபை பகுத்தறிந்து முடிவு செய்யும்.

'வேதம், பாரம்பரியம், பகுத்தறிவு என்ற மூன்று கால் முக்காலி' என்று ஹூக்கர் சொன்னாராமே?

சொல்லவில்லை. இந்த உருவகம் அவர் எழுத்தில் இல்லை, பின்னால் வந்தவர்கள் அவர் பெயரில் வழங்கிவிட்டார்கள். அது கருத்தையும் கெடுக்கிறது. முக்காலியின் மூன்று கால்களும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் அது நிற்கும். ஹூக்கரிடம் மூன்றும் சமம் இல்லை, வரிசை உண்டு. வேதம் தெளிவாகச் சொல்வதற்கு முதல் இடம், அதற்கே முதல் கீழ்ப்படிதல். அடுத்து, பகுத்தறிவு தவிர்க்க முடியாதபடி கொண்டுவந்து நிறுத்தும் முடிவு. அதற்கும் அப்புறம்தான் சபையின் குரல். தனிமனிதருடைய ஊகங்கள் இவை எல்லாவற்றுக்கும் கீழே.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாரம்பரியத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவராக நினைக்கப்படும் ஹூக்கர் அதைப் பகுத்தறிவுக்கும் பின்னால் வைத்திருக்கிறார்.

பாரம்பரியத்தை ஏன் முற்றிலும் விட்டுவிடக் கூடாது? வேதம்தான் கையில் இருக்கிறதே?

இந்தக் கேள்விக்கு 4ஆம் நூற்றாண்டே பதில் சொல்லிவிட்டது. அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குருவானவர், குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்தார். அவர் வேதத்தை ஒதுக்கிவைத்துப் பேசவில்லை. நீதிமொழிகள் 8ஆம் அதிகாரமும், 'என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்' என்கிற யோவான் 14ஆம் அதிகாரமும் அவர் கட்சிக்கு ஆயுதங்கள். 325இல் நிசேயாவில் கூடிய பேராயர்கள், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று அறிக்கை செய்தார்கள். 'ஒரே தன்மை' என்பதற்கு அவர்கள் எடுத்த கிரேக்கச் சொல் வேதத்தில் இல்லை. இருந்தும், முழு வேதமும் குமாரனைப் பற்றிச் சொல்வதைக் காக்க அது தேவைப்பட்டது.

ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து வேதத்தைத் திறந்தால் ஆரியுஸ்கள் திரும்பத் திரும்பப் பிறப்பார்கள். நமக்கு முன்னே இதே வேதத்தை முழங்காலில் நின்று வாசித்தவர்கள் என்ன கண்டார்கள் என்று கேட்பது தாழ்மை. பாரம்பரியத்தின் முதல் பொருள் எனக்கு இதுதான். வேதத்துக்கு அருகே வைத்த இரண்டாவது பெட்டகமாக அதை நினைக்க வேண்டாம். அது வேதத்தைச் சபை கூடி வாசித்த வரலாறு.

அப்படியானால் விசுவாசப் பிரமாணங்கள் வேதத்துக்குச் சமமா?

சமமில்லை. 8ஆம் கோட்பாடு அப்போஸ்தலர், நிசேயா, அத்தனாசியு ஆகிய மூன்று பிரமாணங்களையும் முழுமையாக ஏற்கச் சொல்கிறது. காரணமும் சொல்கிறது: அவற்றை வேதத்தின் உறுதியான ஆதாரங்களால் நிரூபிக்க முடியும். பழமையானவை என்பதோ, சங்கம் சொன்னது என்பதோ அங்கே காரணம் இல்லை. 21ஆம் கோட்பாடு இன்னும் துணிவானது. பல நாட்டுப் பேராயர்கள் கூடும் பொதுச் சங்கங்களும் தவறக்கூடும், தவறியும் இருக்கின்றன என்கிறது.

அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் சபையான எபிஸ்கோப்பல் சபை, நாட்டின் சுதந்திரத்துக்குப் பின் தன் கோட்பாடுகளைத் திருத்தியபோது அத்தனாசியு பிரமாணத்தை விட்டுவிட்டது. அப்போஸ்தலர் பிரமாணமும் நிசேயா பிரமாணமும்தான் எல்லாருக்கும் பொதுவாக நிலைத்தவை.

கத்தோலிக்க சபையின் நிலைக்கும் இதற்கும் எங்கே பிரிவு?

1546இல் கத்தோலிக்க சபையின் திரெந்து சங்கம், வேதத்தையும் அப்போஸ்தலரிடமிருந்து வந்த எழுதப்படாத பாரம்பரியங்களையும் சமமான பக்தியோடு ஏற்பதாக அறிவித்தது. பதினேழு ஆண்டு கழித்து வந்த 6ஆம் கோட்பாட்டை இதற்கு எதிரே வைத்து வாசித்தால் பிரிவு தெளிவாகத் தெரியும்.

ஆனால் இங்கிலாந்தின் சீர்திருத்தவாதிகள் ஆதிச் சபையின் போதகர்களான பழைய பிதாக்களை எதிராளிக்கு விட்டுக்கொடுக்கவில்லை. 1559இல் ஜான் ஜூவல் என்ற சீர்திருத்தவாதி லண்டன் பால்ஸ் கிராஸ் பிரசங்க மேடையில் ஒரு சவால் விட்டார்: குருவானவர் மட்டும் திருவிருந்து எடுக்கும் தனிப்பூசை, ரோமாபுரிப் பேராயரின் உலகளாவிய அதிகாரம் முதலியவற்றுக்கு முதல் 600 ஆண்டுகளில் வேதத்திலிருந்தோ, பிதாக்களிலிருந்தோ, சங்கங்களிலிருந்தோ ஒரு தெளிவான ஆதாரம் காட்டுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன். அவருக்குப் பின் வந்த லான்சலட் ஆண்ட்ரூஸ் எல்லையை இப்படி வரைந்தார்: ஒரே திருநூல், இரண்டு ஏற்பாடுகள், மூன்று பிரமாணங்கள், நான்கு பொதுச் சங்கங்கள், ஐந்து நூற்றாண்டுகள். மனப்பாடம் செய்ய எளிது. ஆங்கிலிக்கன் மனம் எங்கே பாரம்பரியத்தைத் தேடுகிறது என்பதும் இதிலேயே தெரியும்: பிளவுபடாத ஆதிச் சபையில்.

உபதேசத்தைப் பற்றிக் கேட்டால் ஆங்கிலிக்கன்கள் ஏன் ஜெபப் புத்தகத்தைக் காட்டுகிறார்கள்?

ஏனென்றால் வேதமும் பாரம்பரியமும் எப்படிச் சேருகின்றன என்று வாதத்தில் விளக்குவதைவிட அங்கே கண்ணால் காணலாம்.

கிரான்மர் 1549இல், ஆராதனை முறைகள் அடங்கிய முதல் ஆங்கில ஜெபப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். 1552இல் அதைச் சீர்திருத்தப் பக்கம் இன்னும் தள்ளினார். இன்றும் சட்டப்படி நிற்பது 1662 பதிப்பு. 1549 முன்னுரையில் கிரான்மருடைய முறையீடு இதுதான்: ஆதிப் பிதாக்கள் வேதம் முழுவதும் ஆண்டுதோறும் வாசிக்கப்படும்படி ஒழுங்கு செய்தார்கள், காலப்போக்கில் கதைகளும் பதிலுரைகளும் நடுவே புகுந்து, ஒரு புத்தகத்தைத் தொடங்கினால் மூன்று நான்கு அதிகாரங்களோடு நின்றுபோகிறது. ஏசாயாவை, கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து காலத்தில் தொடங்குவார்கள், முடிக்க மாட்டார்கள். அதோடு ஜனங்களுக்குப் புரியாத லத்தீன் வேறு.

அவர் செய்தது என்ன? துறவிகளின் பல வேளை ஜெபங்களைக் காலை ஜெபம், மாலை ஜெபம் என்று இரண்டாகச் சுருக்கி ஊர் ஜனங்களின் கையில் கொடுத்தார். சங்கீதங்கள் மாதம் ஒருமுறை முழுதும், பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒருமுறை, வெளிப்படுத்தின விசேஷம் நீங்கலாகப் புதிய ஏற்பாடு ஆண்டுக்கு மூன்று முறை. மரியாளின் கீதமும் சிமியோனின் கீதமும் பழைய இடத்திலிருந்து வந்து மாலை ஜெபத்தில் உட்கார்ந்தன. பாத்திரம் பாரம்பரியத்தினுடையது, உள்ளே ஊற்றியது வேதம்.

அட்வெந்தின் இரண்டாம் ஞாயிறுக்கு அவர் எழுதிய சிறு ஜெபம், வேதவாக்கியங்களைக் கேட்டு, வாசித்து, குறித்து, கற்று, உள்ளே செரிக்கச் செய்யும்படி தேவனிடம் கேட்கிறது. ஆங்கிலிக்கன் வேதக்கொள்கை முழுவதையும் ஒரு ஜெபத்தில் கேட்டால் இதைக் கொடுப்பேன். இதை எழுதியவர் 1556இல் ஆக்ஸ்போர்டில் எரித்துக் கொல்லப்பட்டார்.

தோபித்து, மக்கபேயர் போன்ற தள்ளுபடி ஆகமங்கள்?

வாசிக்கலாம். நல்வாழ்வுக்கு முன்மாதிரியாகவும் ஒழுக்கப் பாடமாகவும் வாசிக்கலாம், ஆனால் அவற்றைக் கொண்டு எந்த உபதேசத்தையும் நிலைநாட்டக் கூடாது. ஜெரோமைச் சாட்சியாக வைத்து 6ஆம் கோட்பாடே இதைச் சொல்கிறது.

குழந்தை ஞானஸ்நானமும் பேராயர் முறையும் வேதத்தில் நேரடியாக இல்லையே?

இரண்டும் நல்ல சோதனைகள். குழந்தை ஞானஸ்நானத்தை 27ஆம் கோட்பாடு கிறிஸ்து ஏற்படுத்தியதோடு மிகவும் பொருந்துகிறது என்று சொல்லிக் காத்துக்கொள்கிறது. கட்டளை இருக்கிறது என்று சொல்லவில்லை, பொருந்துகிறது என்கிறது. இந்த நிதானம் எனக்கு நேர்மையாகப் படுகிறது.

பேராயர், குருவானவர், உதவிக்குரு என்ற மூன்று ஊழியங்களைப் பற்றி, குருமாரை அபிஷேகம் செய்யும் முறைமையின் முன்னுரை பேசுகிறது: பரிசுத்த வேதத்தையும் பழைய ஆசிரியர்களையும் கவனமாக வாசிக்கும் எவருக்கும், இவை அப்போஸ்தலர் காலம் தொட்டு இருக்கின்றன என்பது விளங்கும். வேதம் முன்னே, பழைய ஆசிரியர்கள் பின்னே, இரண்டும் ஒரே வாக்கியத்தில். பேராயர் இல்லாத சபை சபையே இல்லையா என்று கேட்டால் ஆங்கிலிக்கன்களுக்குள்ளேயே பதில் ஒன்றாக வராது.

பாரம்பரியம் மாறலாமா?

சடங்குகளில் மாறலாம். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கத் தேவையில்லை, காலத்துக்கும் நாட்டுக்கும் ஏற்ப மாறலாம் என்று 34ஆம் கோட்பாடு சொல்கிறது. அதே மூச்சில், பொது ஒழுங்கைத் தன் சொந்த விருப்பத்துக்காக வெளிப்படையாக மீறுபவர் கண்டிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது.

சிக்கல் எழுவது சடங்கைத் தாண்டும்போது. பெண்கள் குருத்துவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1944இல், போர்க்காலத்தில், ஹாங்காங் பேராயர் புளோரன்ஸ் லீ டிம்-ஓய் என்ற பெண்ணைக் குருவாக அபிஷேகம் செய்தார். இங்கிலாந்து சபை 1992 நவம்பரில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் சம்மதித்தது. 1994இல் முதல் பெண்கள் குருவானார்கள். பெண் பேராயர்களுக்கான தீர்மானம் 2012இல் விசுவாசிகளின் அவையில் தோற்று, 2014இல் வென்றது.

எதிர்த்தவர்கள் எல்லாரும் ஒரே காரணத்தைச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சுவிசேஷகக் கட்சியினர் 1 தீமோத்தேயு 2ஆம் அதிகாரத்தைக் காட்டினார்கள். அது வேதத்திலிருந்து வந்த வாதம். ஆங்கிலிக்கன்களுக்குள்ளே பாரம்பரியத்தை அழுத்தும் ஆங்கிலோ-கத்தோலிக்கர் வேறு கேள்வி கேட்டார்கள்: கிழக்கும் மேற்கும் சேர்ந்து சுதந்தரித்த குருத்துவத்தை ஒரு மாகாணம், அதாவது தன்னாட்சியுள்ள ஒரு ஆங்கிலிக்கன் சபை, தனியாக மாற்ற முடியுமா? அது பாரம்பரியத்திலிருந்து வந்த வாதம். ஆதரித்தவர்கள் ரோமர் 16ஆம் அதிகாரத்துப் பெபேயாளையும் யூனியாவையும், உயிர்த்தெழுதலின் முதல் சாட்சியான மகதலேனா மரியாளையும் காட்டினார்கள். ஆதரித்தவர்கள் சொன்னதே சரி என்று நான் நம்புகிறேன். ஆனால் எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி அற்பமானது என்று நினைக்கவில்லை.

வாக்குவாதம் முற்றினால் கடைசியில் தீர்ப்பது யார்?

இதுதான் ஆங்கிலிக்கனின் பலவீனமான இடம், மூடிமறைக்க வேண்டாம். இங்கிலாந்து சபையின் தலைமைப் பேராயரான கேன்டர்பரி பேராயர் போப்பாண்டவர் இல்லை. உலக ஆங்கிலிக்கன் பேராயர்களின் லாம்பெத் மாநாடு 1867 முதல் கூடுகிறது, ஆனால் அதன் தீர்மானம் எந்த மாகாணத்தையும் சட்டமாகக் கட்டாது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் முடிவெடுக்கத் தன் சினாடு என்ற பேரவை உண்டு.

ஜான் ஹென்றி நியூமன் என்ற ஆங்கிலிக்கன் குருவானவரை வாட்டியது இந்தக் கேள்விதான். 1833இல் தொடங்கிய ஆக்ஸ்போர்டு இயக்கத்தில் அவர் பாரம்பரியத்தின் இடத்தை மீட்கப் பாடுபட்டார். 39 கோட்பாடுகளையும் கத்தோலிக்கக் கருத்தோடு வாசிக்கலாம் என்று 1841இல் எழுதிப் பெரும் எதிர்ப்பைச் சம்பாதித்தார். 1845இல் ரோமன் கத்தோலிக்க சபைக்குப் போய்விட்டார். அவரோடு நின்ற ஜான் கீபிளும் எட்வர்ட் பூசியும் கடைசிவரை போகவில்லை.

இன்று ஒருபால் திருமணமும் ஆசீர்வாதமும் அதே காயத்தைத் திறந்திருக்கின்றன. 1998 லாம்பெத் மாநாடு திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்றது. சில மாகாணங்கள் வேறு வழி போயின. இதை எதிர்த்து 2008இல் எருசலேமில் கூடிய ஆங்கிலிக்கன்கள், வேதத்தை அதன் தெளிவான பொருளில், சபையின் வரலாற்று வாசிப்புக்கு மரியாதை கொடுத்து ஏற்கவேண்டும் என்று அறிக்கை செய்தார்கள். எதிர்ப்பக்கமும் வேதத்தையே திறந்து வைத்து வாதிடுகிறது. வேதமே முதல் என்று இரண்டு பக்கமும் சொல்லும்போது, எப்படி வாசிப்பது என்பதே சண்டையாகிறது.

குருவானவர்கள் 39 கோட்பாடுகளில் கையெழுத்துப் போட வேண்டுமா?

இங்கிலாந்து சபையில் முன்பு அப்படித்தான். 1975 முதல் வாசகம் மாறியது. விசுவாசம் பரிசுத்த வேதத்தில் தனிச்சிறப்பாக வெளிப்படுத்தப்பட்டது, பிரமாணங்களில் எடுத்துரைக்கப்பட்டது, 39 கோட்பாடுகளும் ஜெபப் புத்தகமும் அதற்குச் சாட்சி என்று அறிந்து உறுதிசொல்கிறார்கள். சாதாரண விசுவாசிகளிடம் இது கேட்கப்படுவதில்லை.

தமிழ்ச் சபைகளுக்கு இதில் என்ன பங்கு?

நிறையவே. திருநெல்வேலிச் சீமையில் எஸ்.பி.ஜி. சபை, சி.எம்.எஸ். சபை என்று, இங்கிலாந்திலிருந்து வந்த இரண்டு மிஷனரிச் சங்கங்களின் பெயரால் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். நாசரேத்தும் இடையன்குடியும் எஸ்.பி.ஜி., மெஞ்ஞானபுரமும் பாளையங்கோட்டையும் சி.எம்.எஸ். இரண்டுமே ஆங்கிலிக்கன்தான். முதலாவது சபை ஒழுங்கையும் பாரம்பரியத்தையும் அழுத்திப் பிடித்தது, இரண்டாவது சுவிசேஷக வழி.

1919இல் தரங்கம்பாடியில் கூடிய இந்தியக் குருமார்கள், வி. எஸ். அசரியா பேராயர் முன்னிற்க, சபை ஐக்கியத்துக்கு நான்கு அடிப்படைகளை முன்வைத்தார்கள்: வேதம், இரண்டு பிரமாணங்கள், ஞானஸ்நானம், திருவிருந்து என்ற இரண்டு நியமங்கள், வரலாற்றுப் பேராயர் முறை. 1888 லாம்பெத் மாநாடு ஏற்ற அதே நான்கு. அந்த வழி 1947 செப்டம்பர் 27இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் வந்து சேர்ந்தது. ஆங்கிலிக்கன்கள், மெதடிஸ்டுகள், பிரெஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனலிஸ்டுகளும் ஏற்கெனவே சேர்ந்திருந்த ஐக்கிய சபை, எல்லாரும் தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள்.

அதன் அமைப்புச் சட்டம், வேதம் இரட்சிப்புக்குத் தேவையான எல்லாவற்றையும் கொண்டது, விசுவாசத்தின் மேலான, தீர்மானமான அளவுகோல் என்கிறது. 6ஆம் கோட்பாட்டின் குரல் அப்படியே கேட்கிறது. வேதத்தின் போதனைப்படி தன்னைத் திருத்திக்கொள்ளச் சபை எப்போதும் ஆயத்தமாக இருக்கவேண்டும் என்றும் சேர்த்திருக்கிறது. பேராயர் கையால் அபிஷேகம் பெறாத குருமார்களையும் மறு அபிஷேகமின்றி ஏற்றது, அன்றைய ஆங்கிலோ-கத்தோலிக்கர் பலரைக் கலங்கவைத்தது. ஆனால் அதே சபை 2013இல் நந்தியாலில் புஷ்பலலிதா அம்மையாரைப் பேராயராக அபிஷேகம் செய்தது. இங்கிலாந்து சபைக்கு முதல் பெண் பேராயர் கிடைத்தது 2015இல்.

எதிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

39 கோட்பாடுகளில் 6, 8, 20, 21, 34 ஆகிய ஐந்தை மட்டும் முதலில் வாசியுங்கள், அரைமணி நேரம் ஆகாது. பிறகு 1549 ஜெபப் புத்தகத்தின் முன்னுரை. ஹூக்கரின் வாக்கியங்கள் நீளமானவை. அவரைத் தொடுவதானால் ஐந்தாம் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள், அங்கேதான் அவர் ஜெபத்தையும் திருவிருந்தையும் பற்றிப் பேசுகிறார்.